ஒரு மார் கம்பி

"முடிவு பிடிக்கலேன்னா மாத்தச் சொல்லுவோம்ல. சும்மாவா வாங்கி விளையாடுதோம்? எழுதுனவன் மட்டும் கையில கெடைக்கட்டும், அவனையும் ரெண்டு கையையும் விரிச்சு அதே மாதிரி நிக்க வச்சிருவேன்."

நல்லமாபுரம் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பையன் தன் கூட்டாளியிடம் இப்படிச் சொல்லிவிட்டு வெளியே எச்சில் துப்பினான். அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ராமலட்சுமி துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கினாள், மீதி தூரத்தைச் சுவரோரமாகவே நடந்தாள். எழுதினவன் என்று ஊர் தேடிக்கொண்டிருந்த ஆள் அவள்தான்.

மதுரையில் எம்.ஏ. படித்துவிட்டு ஊர் திரும்பியவள் அவள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கொசுவலைக் கடைக்கு மாடியில் ஜெபராஜ் என்பவர் நாலைந்து பேரை வைத்துச் செல்போன் விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தார், அங்கே கதை எழுதும் வேலை அவளுக்கு. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவளுக்கு அந்த வேலை பொருந்திப் போனது. விளையாட்டின் கடைசியில் பெயர்கள் ஓடும்போது 'கதை: குழுவினர்' என்று போட்டால் போதும் என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

அவள் எழுதிய விளையாட்டுக்குத் 'தங்கப்பேச்சி' என்று பெயர். ஓர் ஊரை இருட்டு தின்கிறது. சாதாரண இருட்டில்லை, வீடு வீடாக ஏறி ஆட்களையும் ஆட்டுக்குட்டிகளையும் அவர்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சையும் சேர்த்துத் தின்கிற இருட்டு. மின்வாரியத்தில் கம்பம் ஏறும் தங்கப்பேச்சி இடுப்பில் கட்டிங் பிளேயரைச் செருகிக்கொண்டு, தோளில் கம்பிச் சுருளைப் போட்டுக்கொண்டு, கம்பம் கம்பமாக ஏறி ஊருக்கு வெளிச்சத்தை இழுத்து வருகிறாள். விளையாடுகிறவர்கள் வாரக்கணக்கில் அவளோடு ஏறி, அவளோடு வழுக்கி, அவளோடு மழையில் நனைந்து கடைசிக் கம்பத்துக்கு வந்து சேரும்போது, கம்பி ஒரு மார் அளவு போதாமல் போகிறது. இரண்டு கையையும் விரித்தால் இந்த நுனி விரலிலிருந்து அந்த நுனி விரல் வரைக்குமான நீளம். உலகத்திலிருந்த கம்பியையெல்லாம் அவளே கட்டித் தீர்த்துவிட்டாள். அவள் கொஞ்ச நேரம் யோசிக்கிறாள், பிறகு ஒரு நுனியை இடது கையிலும் மறு நுனியை வலது கையிலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஊர் முழுக்க விளக்கு எரிகிறது. கதவு திறந்து ஆட்கள் தெருவுக்கு வருகிறார்கள். மேலே நிற்பவளை யாரும் பார்ப்பதில்லை. அவ்வளவுதான் கதை.

இதைத்தான் ஊர் பொறுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த கொம்பையா 'தங்கப்பேச்சி ரசிகர் பேரவை' என்று ஒன்றை ஆரம்பித்தான். ஆளுயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்து, பந்தல் போட்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி மாலைக் காப்பிக்கு முன்னால் முடிகிற உண்ணாவிரதம் ஒன்றையும் நடத்தினான். "மாற்று மாற்று, முடிவை மாற்று" என்ற கோஷம் கொசுவலைக் கடை மாடி வரைக்கும் கேட்டது. முகம் தெரியாதவர்கள் ஆபீஸ் போனில் கூப்பிட்டு, யார் வீட்டுக்கு எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்பதைப் பொறுமையாகச் சொல்லிவிட்டு வைத்தார்கள். ஒருநாள் ஜன்னல் வழியாக ஒரு செங்கல் வந்து ராமலட்சுமியின் நாற்காலியில் உட்கார்ந்தது. அவள் அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்திருந்தாள்.

"ஒரு மார் கம்பிதானம்மா? குடுத்துரு," என்றார் ஜெபராஜ்.

அவள் பயந்துதான் எழுதினாள். ஒரே மத்தியானத்தில், யாரோ பின்னால் நின்று பார்க்கிற மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு எழுதினாள். தங்கப்பேச்சி பைக்குள் கையை விடுகிறாள், அதில் ஒரு மார் கம்பி இருக்கிறது, இரண்டு நுனியையும் இணைக்கிறாள், இறங்கி வீட்டுக்குப் போகிறாள், சுடுசோற்றில் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறாள். அந்தக் கம்பி பைக்குள் எங்கிருந்து வந்தது என்பதை அவள் எழுதவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. ரசிகர்கள் வெடி வெடித்து, ஃபிளெக்ஸுக்குப் பால் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை, எட்டயபுரம் சாலை வழியாக, காக்கிச் சட்டையும் இடுப்பில் கட்டிங் பிளேயருமாக ஒரு பெண், இரண்டு கைகளையும் விரித்தபடி நடந்து ஊருக்குள் வந்தாள். முதலில் பார்த்தவர் டீக்கடை வேலுச்சாமி.

"நம்ம தங்கப்பேச்சிதான அது? பழைய முடிவுல உள்ளவ," என்றார், பால் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "தூக்கிப் போட்டா அவளும் எங்கதான் போவா? வழிய விடுங்கப்பா, கை இடிச்சிரப் போவுது."

ஊர் வழியை விட்டது. அவளுடைய கைகள் இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் தோளைப் பிடித்து அமுக்கிப் பார்த்துவிட்டு, இதில் நோய் ஒன்றும் இல்லை, வேலை பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான் என்று அனுப்பிவிட்டார். பஸ்ஸில் அவள் பக்கவாட்டாக ஏறினாள், கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழிப்பதா ஒன்று கிழிப்பதா என்று டிப்போவில் கேட்டு, அவர்கள் மதுரையில் கேட்டு, கடைசியில் டிக்கெட்டே வேண்டாம் என்றார்கள். வேலுச்சாமி கடை வாசலின் ஒரு பக்கச் சட்டத்தைக் கழற்றி வைத்தார். பூக்காரிகளும் கயிற்றுக்கடைக்காரர்களும் மார் அளவில் சண்டை வந்தால் அவளிடம் கொண்டுவந்து அளந்தார்கள், கை நீளமானவர்கள் விற்கும்போது குட்டையாகவும் வாங்கும்போது நீளமாகவும் அளந்து வந்த பழக்கம் சந்தையில் ஒரே வாரத்தில் நின்றுபோனது. தெருப்பிள்ளைகள் அவள் கைக்கு அடியில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். யாரோ ஒரு மழை நாளில் அவள் கையில் ஈரத்துணி காயப்போட்டார்கள், பிறகு அவர்களே வெட்கப்பட்டு எடுத்துக்கொண்டார்கள்.

கை வாய்க்கு எட்டாது என்பதால் அவளால் தானாகச் சாப்பிட முடியாது. ராமலட்சுமியின் பக்கத்து வீட்டுக் கனியம்மாதான் முதலில் அதைக் கவனித்தாள். "ஏ, அவ வந்த நாளா ஒரு பருக்கை எறங்கலடி," என்று தெருவையே திட்டிவிட்டு, தட்டில் சோற்றைப் பிசைந்து எடுத்துப் போய் ஊட்டினாள். அதன் பிறகு தெருவுக்கொரு நாள் என்று முறை வந்தது. தங்கப்பேச்சி கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டாள். சாப்பிடாத நேரமெல்லாம் தலையை அண்ணாந்து தெருவின் கம்பிகளையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ராமலட்சுமி மட்டும் அவள் வருகிற தெருவில் போகவில்லை. தன்னை அவளுக்கு அடையாளம் தெரியும் என்று அவள் நம்பினாள், தூரத்தில் விரிந்த கைகளின் நிழல் தெரிந்தாலே அடுத்த சந்தில் நுழைந்துவிடுவாள். கொம்பையாவும் அப்படித்தான், முதல் நாள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டவன், இரண்டாம் நாள் முதல் அவளைக் கண்டால் கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கினான்.

அதற்குப் பிறகு கம்பிகள் காணாமல் போகத் தொடங்கின.

முதலில் கனியம்மா வீட்டுத் துணிக்கொடி. இரண்டு ஆணியும் அப்படியே இருக்க, நடுவில் மட்டும் கம்பி இல்லை, துணிகள் மண்ணில் கிடந்தன. நுனிகளில் அறுத்த தடமோ வளைத்த தடமோ கிடையாது, பிறந்ததிலிருந்தே அவ்வளவுதான் என்பது போல் தொங்கின. அடுத்து கேபிள் டி.வி. வயர், மாதா கோயில் ஒலிபெருக்கி வயர், ஆட்டுக் கிடை வேலி, பள்ளிக்கூட மணியின் கம்பி. பிறகு சந்தைக்கு மேலே போகிற மின்கம்பி. மின்வாரியத்தார் வந்து ஓர் இடத்தில் இணைத்தால் வேறோர் இடத்தில் போனது. போலீஸ் ஒரு பழைய இரும்புக்காரரைப் பிடித்து வைத்திருந்தது, அவர் உள்ளே இருந்தபோதே ஸ்டேஷனின் போன் வயர் போனதும் விட்டுவிட்டது. ராமலட்சுமி ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அறுந்த கொடியின் இடைவெளியில் நின்று கையை விரித்துப் பார்த்தாள். இந்த நுனி இந்த விரலைத் தொட்டது, அந்த நுனி அந்த விரலைத் தொட்டது. அவள் சட்டென்று கைகளை மடக்கிக்கொண்டாள். எங்கோ யாரோ விளையாட்டை முடிக்கும்போதெல்லாம் விளையாட்டுக்குள் இருக்கிற தங்கப்பேச்சி பைக்குள் கையை விடுகிறாள், பைக்குள் கம்பி இருக்கிறது.

ஊரும் இதை டீக்கடையில் உட்கார்ந்து தானாகவே கண்டுபிடித்தது, கண்டுபிடித்துவிட்டு, கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டது, மெழுகுவத்தி வாங்கி வைத்தது, பொழுதோடு சாப்பிட்டது.

"வெளையாடுதவன் வெளியூர்ல இருக்கான், போவுறது நம்மூருக் கம்பி," என்றார் வேலுச்சாமி. "எல்லாம் இந்தக் கொம்பையா பண்ணுன வேலை."

"அண்ணாச்சி, உங்க வடையில உப்பு இல்லேன்னா கேக்க மாட்டமா?" என்றான் கொம்பையா.

"கேப்ப. தின்னு முடிச்சு, கையக் கழுவிட்டு வந்து, தின்ன வடைய மாத்துன்னா கேப்ப?"

எல்லோரும் சிரித்தார்கள். கொம்பையா சிரிக்கவில்லை. "நான் எனக்காகவா கேட்டேன்? அவ ஒருத்தி காலம்பூரா மேல நிப்பாளாம், ஊரு வெளிச்சத்துல தாயம் உருட்டுமாம். ஒருத்தன் நிமுந்து பாக்கலையே. அது உங்களுக்கு நியாயமாத் தெரிஞ்சுதா?" என்றான். கடையின் விளக்கு அப்போது அணைந்தது, கொஞ்ச நேரம் எல்லோரும் தங்கள் கண்ணாடி டம்ளரை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இருட்டில் ஒருவர் பேசத் தொடங்கிய வாக்கியம் பாதியில் நின்றது, விளக்கு வந்த பிறகு அவர் என்ன சொல்ல வந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. அன்றைக்குத்தான் ஊர் முதல்முறையாகப் பயந்தது.

ராமலட்சுமி எல்லோருக்கும் முன்பே பயந்திருந்தாள். அவளுடைய அப்பா சண்முகையா தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிக்கு மருந்து கலந்து கலந்து நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்தவர். மூக்கில் செருகிய குழாயும், அந்தக் குழாய்க்குக் காற்று கொடுக்கிற ஆக்சிஜன் மெஷினும், மெஷினுக்குக் கரண்டும் இருக்கிறவரைக்கும்தான் அவர் இருந்தார். கரண்ட் போனால் மாற்றுவதற்கு ஒரு சிலிண்டர் இருந்தது, அடிக்கடி போனதில் அது தீர்ந்துகொண்டே வந்தது. ராமலட்சுமி ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போதும் மெஷினின் உறுமல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும், அது நின்றுவிட்டதாகத் தோன்றி பாதிச் சாப்பாட்டில் எழுந்து வீட்டுக்கு ஓடுவாள்.

"பழையபடி மாத்திருவோம் சார்," என்று ஒருநாள் ஜெபராஜிடம் கேட்டேவிட்டாள்.

"மாத்துனா இந்தத் தடவை செங்கல் வராது, பெட்ரோல் வரும்," என்றார் அவர். "உன் பேரு எங்கயும் இல்லம்மா, உனக்கு என்ன? சொல்லிட்டுப் போயிருவ."

அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள்.

ஆயுத பூஜை விடுமுறையில் நாடு முழுக்கப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து விளையாடினார்கள். அன்று சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. ராமலட்சுமி காப்பி போட்டுக்கொண்டிருக்கும்போது மெஷின் நின்றது. அவள் இத்தனை நாள் கற்பனையில் கேட்டுப் பயந்த அமைதி, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சிலிண்டரின் முள் அடியில் கிடந்தது. அப்பாவின் உதடு நாவல்பழ நிறத்துக்கு மாறுவதைப் பார்த்துவிட்டு அவள் தெருவுக்கு ஓடினாள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற கம்பி நடுவில் இல்லை, ஒரு நுனி வீட்டுப் பக்கம், ஒரு நுனி கம்பத்துப் பக்கம், மழையில் ஆடிக்கொண்டிருந்தன.

வாய் திறந்து கத்தத் தெரியாத ராமலட்சுமி அன்று கத்தினாள். கனியம்மா வந்தாள், கொம்பையா கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வந்தான், வேலுச்சாமி ஏணியோடு வந்தார். அவர்களுக்குப் பின்னால், தெருவின் அகலத்துக்குக் கையை விரித்தபடி, அவசரமே இல்லாமல், தங்கப்பேச்சி வந்தாள். வந்தவள் அண்ணாந்து பார்த்தாள். "தூக்கி விடுங்க," என்றாள். ஊர் அவள் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

காம்பவுண்டுச் சுவர் மேல் அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். அவள் இடது கையால் ஒரு நுனியைப் பிடித்தாள், வலது கையால் மறு நுனியைப் பிடித்தாள், அவளுடைய தோள்கள் இத்தனை நாளில் முதல்முறையாகத் தளர்ந்து இறங்கின. வீட்டுக்குள் மெஷின் உறுமியது.

ராமலட்சுமி உள்ளே போய் அப்பாவின் உதட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, கொம்பையா தன் செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றான். பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் 'முடிச்சுட்டேன்' 'நானும் முடிச்சுட்டேன்' என்று செய்திகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்று விழும்போதும் தெருக்கோடியில் ஒரு விளக்கு அணைந்தது. இருட்டு ஒவ்வொரு கம்பமாக இந்தப் பக்கம் நடந்து வந்தது. அது கடந்து வந்த வீடுகளிலிருந்து பேச்சுச் சத்தமே கேட்கவில்லை.

"இன்னொரு மார் இங்க போனா," என்றான் கொம்பையா, "அவளுக்கு வேற கை கெடையாதுக்கா."

"எழுதுனது நான்தான்," என்றாள் ராமலட்சுமி.

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

பஸ்ஸில் அந்தப் பையன் சொன்னதுபோல இவனும் தன் கையை விரித்து நிற்க வைப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் மழையில் நனைந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பழையபடி மாத்துங்க," என்றான். சொன்ன பிறகு சுவரைப் பார்த்தான். "மாத்துனா இவ?"

"போயிருவா. பழைய எடத்துக்கு."

"கம்பி திரும்பி வருமா?"

"தெரியல."

மெஷின் உறுமிக்கொண்டிருந்த ஜன்னலை இருவரும் பார்த்தார்கள். ஜன்னலுக்கு உள்ளிருந்து சண்முகையாவின் குரல், மூச்சுக்கு ஒரு சொல்லாக வந்தது. "மெஷின் சத்தத்துல... கெழவனுக்கு... ஒன்னும் கேக்காதுன்னு நெனச்சீகளாக்கும். மாத்து தாயி. எப்பிடியும்... அடுத்த கம்பி போவத்தான போவுது."

ராமலட்சுமி லேப்டாப்பை எடுத்துவந்து, தங்கப்பேச்சியின் காலடியில் சுவரோரம் உட்கார்ந்தாள். கொம்பையா குடை பிடித்தான். புது எழுத்துகளை விளையாட்டில் ஏற்றுவது எப்போதும் அவள் வேலைதான், அதற்கு ஜெபராஜைக் கேட்க வேண்டியதில்லை. பழைய முடிவு அழியாமல் அவளிடம் இருந்தது.

"ஏ புள்ள," என்று மேலிருந்து குரல் வந்தது. தங்கப்பேச்சி கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "வீட்டுக்குப் போனாளே ஒருத்தி. அவ சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

"என்னது?"

"சுடுசோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும்."

"நல்லாருந்துச்சாமா?"

ராமலட்சுமி திரையில் அந்த வரிகளை ஒருமுறை பார்த்தாள். "அத நான் எழுதல," என்றாள்.

கனியம்மா விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போனாள். ஒரு தட்டோடு வந்து ஏணியில் ஏறினாள். "எங்க வீட்டுல இன்னைக்கு மொச்சக்கொட்டைக் கொழம்புதான். வாயத் தொற," என்றாள்.

தெருவில் இன்னொரு விளக்கு அணைந்தது. ராமலட்சுமி நிமிர்ந்து ஏணியைப் பார்த்தாள், பிறகு குனிந்து பழைய முடிவுக்குக் கீழே அடிக்கத் தொடங்கினாள். வெளிச்சம் வந்து ஆட்கள் தெருவுக்கு வருகிறார்கள் அல்லவா, அதில் ஒருத்தி நிமிர்ந்து பார்க்கிறாள். பார்த்துவிட்டு உள்ளே போகிறாள். ஒரு தட்டோடும் ஏணியோடும் திரும்பி வருகிறாள். இதை எழுது என்று அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

இன்னொரு விளக்கு அணைந்தது, அடுத்தது இவர்கள் கம்பம். கொம்பையா குடையை அவள் பக்கம் இன்னும் சாய்த்தான். "அக்கா," என்றான். ராமலட்சுமி கடைசி வரிக்குப் போய், 'குழுவினர்' என்பதை அழித்துவிட்டு, ச. ராமலட்சுமி, நல்லமாபுரம் என்று அடித்தாள்.

கனியம்மா தட்டை வழித்துக் கடைசி உருண்டையைப் பிடித்துத் தங்கப்பேச்சியின் வாயில் வைத்தாள். தங்கப்பேச்சி கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றாள். ராமலட்சுமி விரலைப் பொத்தானின் மேல் வைத்தபடி, அவள் விழுங்கி முடிக்கும்வரை காத்திருந்து, அழுத்தினாள்.